ரெயூனியன் தீவின் மலைகள்

இந்து மகாசமுத்திரத்தின் படத்தை நாம் விரித்துப் பார்த்தால், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே மடகாஸ்கர் என்னும் பெருந்தீவு நீண்டு கிடப்பது முதலில் கண்ணில் படும். அதற்கும் கிழக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. அதுதான் ரெயூனியன். அதன் அண்டைத் தீவாகிய மொரீஷியஸை நம்மவர் பலரும் அறிவர். ரெயூனியனை அறிந்தவர் சிலரே. பிரெஞ்சுக் கொடியின் கீழ் உள்ள தீவாகையால், ஆங்கில நூல்களின் வழியே உலகைக் கற்ற நமக்கு அது சற்று எட்டாமலே இருந்துவிட்டது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பழைய குடும்பங்கள் சிலவற்றுக்கு மட்டும் 'புர்போன்' என்ற அதன் முன்னாள் பெயர் நினைவில் இருக்கலாம்.

தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் நீலகிரி மாவட்டத்தின் அளவுதான் ஏறக்குறைய இருக்கும். நீலகிரியை அப்படியே பெயர்த்து எடுத்து நடுக்கடலில் வைத்ததாக நாம் கற்பனை செய்துகொள்ளலாம். ஆனால் அதைவிட உயரமாக. அங்குள்ள தலைச்சிகரமாகிய பிதோன் தெ நேழ் 3,070 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதாவது பத்தாயிரம் அடிக்குச் சற்று மேல். தென்னாட்டில் மிக உயர்ந்ததாகிய ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். தீவின் மற்றொரு பெருமலை பிதோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவுக்கு ஐந்து மீட்டர் குறைவு. ஆனால் தொட்டபெட்டா சாதுவான மலை. இதுவோ எரிமலை, அதுவும் உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. உலைக்கள மலை என்பதே அதன் பெயரின் பொருள்.

இந்த நெருப்புக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்றால் வியப்பாயிருக்கும். பூமியின் ஆழத்தில் ஓரிடத்தில் வெப்பம் மிகுந்து, பாறை உருகி மேலெழும்பும் ஊற்றுப் போன்ற நிலை இருப்பதாகப் புவியியலார் கூறுகின்றனர். அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் நிலத்தட்டு மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த அடுப்பின் மேல் இருந்தது இந்தியத் துணைக்கண்டமே. அப்போது பொங்கி வழிந்து உறைந்ததுதான் மகாராஷ்டிரத்திலும் சுற்றுப்புறங்களிலும் நாம் காணும் தக்காணத்தின் கரும்பாறை. பிறகு இந்தியா வடக்கே நகர்ந்தது. நகர்ந்த தடத்தில் லட்சத்தீவுகள், மாலத்தீவுகள் ஆகியவற்றைத் தாங்கும் கடலடித் தொடர் உண்டாயிற்று. மொரீஷியஸ் தோன்றி எண்பது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ரெயூனியன் இந்த வரிசையில் கடைக்குட்டி. பம்பாய்க்கருகே மலையைக் குடைந்து குகைக்கோயில் செய்த சிற்பிகளின் உளி பட்ட கல்லும், இன்று ஃபூர்னேஸ் மலையிலிருந்து கடலில் விழுந்து ஆவி பறக்கச் செய்யும் குழம்பும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

தலைச்சிகரமாகிய பிதோன் தெ நேழும் ஒரு காலத்தில் எரிமலையே. அது அணைந்து சுமார் 12,000 ஆண்டுகள் ஆகின்றன. அணைந்த மலையை மழை விட்டுவைக்கவில்லை. உச்சியைச் சுற்றி மூன்று திசைகளிலும் நிலம் இடிந்தும் அரிந்தும் மூன்று பெரும் பள்ளங்களாயிற்று. கிண்ணம் போன்ற வடிவம். சுற்றிலும் ஆயிரம் மீட்டர் வரை செங்குத்தாக நிற்கும் சுவர்கள். உள்ளே மேடும் பள்ளமும் மடுவும் கூர்முனைக் குன்றுகளும். கிழக்குப் பக்கத்துக் கிண்ணம் சலாஸி; தெற்கே உள்ளது சிலாவோஸ்; வடமேற்கே உள்ளது மஃபாத். ஒவ்வொன்றிலும் விழும் நீரெல்லாம் சேர்ந்து, சுவரைப் பிளந்துகொண்டு, ஒரே ஒரு இடுக்கு வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. மனிதன் உள்ளே நுழைவதற்கும் இயற்கை விட்டுவைத்த வாசல் பெரும்பாலும் அந்த இடுக்குத்தான். இதை நாம் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போகும் சரித்திரம் எளிதில் விளங்கும்.

மழையைப் பற்றியும் ஒரு சொல். கிழக்கிலிருந்து வீசும் காற்று மலையில் மோதி அந்தப் பக்கத்திலேயே நீரைக் கொட்டிவிடுகிறது. மேற்குக் கரை காய்ந்து கிடக்கிறது. கிழக்கில் உள்ள மிகுநீரை மலைக்குள் நீண்ட சுரங்கம் வெட்டி மேற்கே கொண்டுபோக வேண்டியதாயிற்று என்றால் வேறுபாட்டை அறிந்துகொள்ளலாம். புயற்காலத்தில் நிலைமை வேறு. 1966-ஆம் ஆண்டு ஜனவரியில், ஃபோக்-ஃபோக் என்ற மலையிடத்தில், இருபத்துநான்கு மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னை நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவே. 2007-இல் வந்த புயலின்போது எரிமலைப் பக்கத்தில் மூன்று நாட்களில் பெய்தது 3,929 மில்லிமீட்டர். இவையெல்லாம் உலகக் கணக்கில் முதலிடம் பெற்ற அளவுகள். இத்தகைய மழையில் மலை நிலைத்து நிற்பதில்லை. 1875 நவம்பரில் சலாஸியில் ஒரு மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து ஒரு குடியிருப்பையே புதைத்தது. அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

இனி மனிதரைப் பற்றிப் பேசுவோம். இத்தீவுக்குப் பூர்வகுடிகள் என்று எவரும் இல்லை. அராபிய மாலுமிகள் இதை அறிந்திருந்தார்கள்; போர்த்துகீசியர் வந்து பார்த்தார்கள்; மாஸ்கரேனஸ் என்ற அவர்கள் தலைவன் ஒருவனின் பெயர் இத்தீவுக் கூட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. எவரும் தங்கவில்லை. 1646-இல், மடகாஸ்கரிலிருந்த பிரெஞ்சுக் கோட்டையில் கலகம் செய்த பன்னிரண்டு பேரைத் தண்டனையாக இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், செத்திருப்பார்கள் என்று எண்ணப்பட்ட அந்தப் பன்னிருவரும் கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தார்களாம்! தீவு வாழத்தக்கது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? 1649-இல் பிரெஞ்சு அரச வமிசத்தின் பெயரால் அது புர்போன் ஆயிற்று. பிறகு புரட்சிக்காலத்தில், 1793-இல், அரசர் பெயர் ஆகாதென்று ரெயூனியன் ஆயிற்று. 1806-இல் நெப்போலியனை மகிழ்விக்க போனபார்ட் ஆயிற்று. 1810-இல் ஆங்கிலேயர் கைப்பற்றியபோது மீண்டும் புர்போன். 1848 முதல் மீண்டும் ரெயூனியன். கடற்கரையிலுள்ள துரைத்தனத்தார் இப்படிப் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டிருந்த காலமெல்லாம் மலைமேல் வேறு பெயர்கள் வழங்கிக்கொண்டிருந்தன. நாம் இன்று சொல்ல விரும்புவது அந்தப் பெயர்களின் கதையே.

நிரந்தரமாகத் தங்க வந்த முதற்கூட்டம் 1663-இல் வந்தது. பிரெஞ்சுக்காரர் இருவர், அவர்களோடு பணியாட்களாக மடகாஸ்கர் மக்கள் பத்துப் பேர், ஏழு ஆண்களும் மூன்று பெண்களும். சிறிது காலத்திலேயே பூசல் மூண்டது. மடகாஸ்கர் மக்கள் அனைவரும் மலைக்குள் ஓடி மறைந்தார்கள். ஆகவே தீவின் சரித்திரம் தொடங்கிய உடனேயே, கரையில் எஜமானன், மலையில் தப்பியோடியவன் என்ற பிரிவும் தொடங்கிவிட்டது எனலாம்.

1665-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி முறையாகக் குடியேற்றத்தை ஸ்தாபித்தது. தொடக்கத்தில் இந்தியாவுக்குப் போகும் கப்பல்களுக்கு நீரும் இறைச்சியும் தரும் இடமாகவே அது பயன்பட்டது. 1715-இல் அரபு நாட்டு மோகா துறைமுகத்திலிருந்து காப்பிச் செடிகள் வந்தன. காப்பி செழித்தது. காப்பிக்குக் கை வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். இந்தியக் கரைகளிலிருந்தும் சிலர் அவ்வாறு கொண்டுபோகப்பட்டனர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. 1723-இல் அடிமைகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. ஓடிப்போனவனுக்கு முதல்முறை காதை அறுத்துச் சூடு போடுவது, மறுமுறை காலின் நரம்பை அறுப்பது, மூன்றாம் முறை மரணம் என்று அச்சட்டம் விதித்தது.

அப்படியும் ஓடினார்கள். ஓடியவர்களுக்கு 'மரோன்' என்று பெயர். வீட்டுக் கால்நடை காட்டுக்கு ஓடிப்போய்விட்டால் அதைக் குறிக்க அமெரிக்காவில் ஸ்பானியர் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது அது. மனிதரை எதனோடு வைத்து எண்ணினார்கள் என்பதை அச்சொல்லே காட்டுகிறது. சிலர் ஓடம் திருடி மடகாஸ்கருக்கே திரும்ப முயன்று கடலில் மடிந்தார்கள். மற்றவர்கள் ஆற்று இடுக்குகள் வழியே மேலேறி அந்த மூன்று கிண்ணங்களுக்குள் புகுந்தார்கள். அங்கே குடிசை கட்டினார்கள், பயிர் செய்தார்கள், குழந்தைகள் பெற்றார்கள், தலைவர்களையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். அவர்களை வேட்டையாடக் கம்பெனி படைப்பிரிவுகளை அனுப்பியது. 1740-களிலும் 1750-களிலும் முஸ்ஸார் என்பவன் இந்த வேட்டையில் பேர்போனவன். கொன்றதற்கு அத்தாட்சியாக, இறந்தவனின் கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டிப் பரிசு பெறுவது வழக்கம். இதை எழுதியவர்கள் அருவருப்போடு எழுதவில்லை. இன்ன நாளில் இன்னின்னாரோடு புறப்பட்டோம், இத்தனை பேரைப் பிடித்தோம், இத்தனை பேரைச் சுட்டோம் என்று கணக்கப்பிள்ளை வரவு எழுதுவது போல் எழுதிவைத்தார்கள். அந்த அறிக்கைகள் இன்றும் தீவின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

மரோன்கள் எழுதிவைத்தது ஒன்றுமில்லை. ஆனால் படத்தை எடுத்துப் பார்ப்போம். கடற்கரையைச் சுற்றிலும் ஊர்களின் பெயர் என்ன? ஸேன்-தெனி, ஸேன்-போல், ஸேன்-லூயி, ஸேன்-பியேர், ஸேன்-தாந்த்ரே. எல்லாம் கிறிஸ்தவ அடியார்களின் பெயர்கள். மேலே ஏறியதும் பேச்சு மாறுகிறது. சிலாவோஸ் என்பது மடகாஸ்கர் மொழி. 'விட்டு நீங்காத இடம்' என்று பொருள் சொல்லுகிறார்கள். மஃபாத் ஒரு மரோன் தலைவனின் பெயர். 'கொல்ல வல்லவன்' என்பது பொருளாம். மஃபாதுக்கும் சலாஸிக்கும் இடையே நிமிர்ந்து நிற்கும் ஒரு சிகரத்தின் பெயர் சிமாந்தேஃப். 'வளைந்து கொடுக்காதவன்' என்பர். சலாஸியின் நடுவே தனித்து நிற்கும் குன்று ஆன்ஷேங். அதன் உச்சியில் ஆன்ஷேங் என்பவனும் அவன் மனைவி ஏவாவும் நெடுங்காலம் எவருக்கும் அகப்படாமல் பிள்ளைகளோடு வாழ்ந்தார்கள் என்று கர்ணபரம்பரைக் கதை உண்டு. பெயர் அகராதிக்காரர்கள் இவற்றின் பொருளில் கருத்து வேறுபடலாம். எம்மொழி என்பதில் பெரும்பாலும் ஐயமில்லை. வேட்டைக்காரர்களும் நிலப்படம் வரைந்தவர்களும் கூட, தாங்கள் துரத்தியவர்களின் வாயிலிருந்தே பெயர்களைக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று! பிதோன் தெ நேழின் அடிவாரத்தில் ஒரு குகைக்கு முஸ்ஸாரின் பெயரும் இருக்கிறது. கொன்றவனும் கொல்லப்பட்டவரும் ஒரே மலையில் பெயராகி நிற்கிறார்கள்.

பெயரல்லாத சான்று எதுவும் இல்லையா என்று நேயர்கள் கேட்கக்கூடும். நீண்டகாலம் இல்லாமல்தான் இருந்தது. ஆகையால் மலைமேல் மரோன் வாழ்க்கை என்பதெல்லாம் மிகைப்படுத்திய கதை என்று ஒதுக்கவும் இடமிருந்தது. 2011-ஆம் ஆண்டையொட்டி, சிலாவோஸ் பக்கத்தில், இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மறைவான ஒரு பள்ளத்தாக்கைத் தொல்பொருளாய்வார் தோண்டிப் பார்த்தனர். கல் அடுக்கிக் கட்டிய இரு சிறு ஒதுக்கிடங்கள் அகப்பட்டன. அடுப்புச் சாம்பலும் எலும்புகளும் கிடைத்தன. அவ்வுயரத்தில் வளைதோண்டி முட்டையிடும் ஒருவகைக் கடற்பறவையைப் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். இரவில் நீர் உறையும் குளிர் அது. கடற்கரையில் காப்பித் தோட்டத்தின் வெதுவெதுப்பை விட்டுவிட்டு இங்கே வந்து இருந்தார்கள் என்றால், அத்தோட்டத்து வாழ்வு எத்தகையது என்று நாம் கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

பாரிஸில் 1794-இல் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தபோது, தீவின் தோட்டமுதலாளிகள் அதை நிறைவேற்ற மறுத்துவிட்டார்கள். இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. இடையில் காப்பி மங்கிக் கரும்பு ஓங்கிற்று. 1841-இல் எத்மோன் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், வனிலாக் கொடியின் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கச் செய்யும் எளிய முறையைக் கண்டுபிடித்தான். உலகெங்கும் வனிலா விளைவிக்கும் தோட்டங்கள் இன்றும் அவன் முறையையே பின்பற்றுகின்றன. அவன் 1880-இல் வறுமையில் மாண்டான்.

1848 டிசம்பர் 20 அன்று சார்தா கார்ரிகா என்ற அரசாங்கப் பிரதிநிதி விடுதலையை அறிவித்தார். விடுதலை பெற்றோர் சுமார் 62,000 பேர். தீவின் மக்களில் பாதிக்கு மேல். ஆனால் அவரே, விடுதலை நாளுக்கு முன்னதாக ஒவ்வொருவரும் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்றும் விதித்தார். சட்டப்படி சுதந்திரமடைந்தவர்களில் பலர், பழைய வயலில் மீண்டும் கால்வைக்க மனமில்லாமல் விலகிப் போனார்கள். கரும்பு வெட்ட ஆள் இல்லை.

அங்கேதான் நம் மக்கள் வருகிறார்கள். சிறு கூட்டங்கள் 1828 முதலே போயின. 1848-க்குப் பிறகு அது பெருவெள்ளமாயிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழரும், ஏனாம் பக்கத்துத் தெலுங்கரும், பின்னர் 1860-இல் பிரெஞ்சு, ஆங்கில அரசாங்கங்கள் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து போனவருமாக, அந்நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே இறங்கினர். கிராந்த் ஷாலூப் என்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, தொற்றுநோய்த் தடுப்புக்காக அவர்களை அடைத்துவைத்த கட்டடங்களை இன்றும் காணலாம். அவர்கள் முதலில் கண்ட ரெயூனியன் அதுதான். ஒப்பந்தத்தில் கூலி உண்டு, உணவு உண்டு, ஊர் திரும்ப உரிமை உண்டு. நடைமுறையில் கொடுமைகள் மிகுதி. 1877-இல் இரு அரசாங்கங்களும் சேர்ந்து விசாரணைக்குழு அமைத்தன. 1882-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களுக்கு அங்கே வழங்கும் பெயர் 'மல்பார்'. மலையாளக் கரையை அவர்களில் பலர் கண்ணால் கண்டதே இல்லை என்பது வேடிக்கை. கரும்பு விளையும் தாழ்நிலமே அவர்களுடைய இடமாயிற்று; பெரும்பாலும் கிழக்கே ஸேன்-தாந்த்ரே சுற்றுப்புறம். வீட்டில் தமிழ் பேச்சு இரண்டு மூன்று தலைமுறைகளில் மறைந்தது. தீமிதியும் காவடியும் மறையவில்லை. ராமசாமி போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. 'காரி' என்று அவர்கள் சொல்வது நம் கறியே. 'மூரூங்' என்ற கீரை நம் முருங்கையே. தீவு முழுதும், எவ்வினத்தாராயினும், அதை உண்கிறார்கள்.

மலையின் கதி பின்னர் என்னாயிற்று? அடிமைகள் விட்டுவிட்ட இடத்துக்கு வெள்ளையரில் ஏழைகள் ஏறினார்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆதியில் கம்பெனி நிலம் வழங்கியபோது, அலை மோதும் இடம் முதல் மலையுச்சி வரை என்று நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக அளந்து கொடுத்தது. தகப்பன் இறந்தால் பிள்ளைகள் அதையும் நீளவாக்கிலேயே பங்கு போட்டார்கள். சில தலைமுறைகளில் கீற்று நூலாயிற்று. கரும்புப் பெருமுதலாளிகள் அந்நூல்களை வாங்கிச் சேர்த்தார்கள். நிலமிழந்தவர் மேலே போனார்கள். சலாஸியிலும் சிலாவோஸிலும் சோளமும் அவரையினமும் விதைத்து, நறுமண எண்ணெய்க்காக ஜெரேனியம் வளர்த்து வாழ்ந்தார்கள். சிலாவோஸுக்கு மோட்டார்ப் பாதை வந்தது 1932-இல். நானூறுக்கு மேற்பட்ட திருப்பங்கள் உள்ள பாதை. அதற்கு முன் வெந்நீர் ஊற்றுக்கு வரும் நோயாளிகளை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

1946-இல் ரெயூனியன் குடியேற்ற நாடு என்ற நிலை நீங்கிப் பிரான்சின் ஒரு மாவட்டமாயிற்று. இன்று அதன் மக்கள்தொகை ஒன்பது லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலோர் கடற்கரை ஓரத்திலேயே நெருங்கி வாழ்கின்றனர். எரிமலை தன் வேலையை விடவில்லை. 1977-இல் அது வழக்கமான எல்லையைத் தாண்டி ஒரு கிராமத்துள் புகுந்து வீடுகளை எரித்தது. மாதா கோயிலின் வாசலுக்கு வந்து, சுற்றிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகே மலையைக் கண்காணிக்க ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். 2007-இல் உச்சியின் வாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. கீழே கடலோரச் சாலையைக் குழம்பு மூடும்போதெல்லாம், அது ஆறியபின் அதன்மேலேயே புதுச் சாலை போடுகிறார்கள்.

2010-இல் தீவின் நாற்பது சதவிகிதம், அதாவது சிகரங்களும் கிண்ணங்களும் அவற்றின் சுவர்களும், உலகப் பாரம்பரியச் சொத்தாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. மூன்று கிண்ணங்களுள் மஃபாதுக்கு இன்றும் சாலை இல்லை. அங்கே எண்ணூறு பேருக்கு அருகில் வாழ்கிறார்கள். பள்ளங்களுக்கிடையே அகப்பட்ட சமநிலத் துண்டு ஒவ்வொன்றையும் 'குட்டித்தீவு' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். மார்லா, ஓரேர் என்று மடகாஸ்கர்ப் பெயர் கொண்டவையும் அவற்றுள் உண்டு. தபால்காரர் நடந்தே போனார். மின்சாரம் வீட்டுக்கூரைமேல் வைத்த சூரியத் தகடுகளிலிருந்து வருகிறது. அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் கட்டுமானச் சாமானும் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வந்து இறங்குகின்றன. நோயாளியும் அப்படியே மேலெழும்பிப் போகிறார். ஆனால் அவர்கள் குடியிருக்கும் மண் அவர்களுடையதன்று. அது பொதுச்சொத்து, வனத்துறையின் மேற்பார்வையில் இருப்பது. வீட்டுக்கும் கொல்லைக்கும் அனுமதி பெற்று வாடகை செலுத்தியே, தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்துவருகிறார்கள்.